“பழைய தம்பியே வருவாரா?”: வீடியோ நிறுவனத்தில் சேர்ந்த புதியவர்களை வாடிக்கையாளரிடம் அறிமுகம் செய்வது எப்படி?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். ராமநாதபுரத்தில் ஏழு பேரோடு ஒரு வீடியோ நிறுவனம் நடத்துகிறீர்கள். கல்யாணம், கோயில் திருவிழா, உள்ளூர்க் கடை விளம்பரம் என்று வேலை ஓடுகிறது. இப்போது ஒரு கேமராமேன், ஒரு பெண் எடிட்டர், விளம்பரத்துக்கு எழுதும் இளைஞர் என மூவரைச் சேர்த்திருக்கிறீர்கள். மூவரின் படத்தையும் போட்டு ‘எங்கள் புதிய கிரியேட்டிவ் டீம்’ என்று பேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் போஸ்டர் விட்டீர்கள். லைக் நிறைய வந்தது. கூடவே, தை மாதத்துக்கு அட்வான்ஸ் கொடுத்தவர்களிடமிருந்து போனும் வந்தது: “அப்போ பழைய தம்பி வரமாட்டாரா?” இதைச் சரிசெய்ய நல்ல அறிமுக வீடியோ எப்படி எடுப்பது என்று கேட்கிறீர்கள். போன் செய்தவர்களின் மனதில் இருப்பது இரண்டு விஷயம்: நம் வீட்டுக்குள் வரப்போகிறவர் யார், தாலி கட்டும் நேரம் பதிவாகாமல் போனால் யாரைக் கேட்பது. இந்த இரண்டுக்கும் பதில் இல்லாமல் எவ்வளவு அழகாக வீடியோ போட்டாலும் அந்தப் போன் நிற்காது. அதனால் வீடியோவைப் பின்னால் வைத்துக்கொள்கிறேன்.

அறிமுகத்துக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் உங்கள் பழைய ஏழு பேர், அடுத்து அட்வான்ஸ் கொடுத்தவர்கள், கடைசியில் ஊர். நீங்கள் கடைசியில் செய்ய வேண்டியதை முதலில் செய்துவிட்டீர்கள். பரவாயில்லை, போஸ்டரை அழிக்க வேண்டாம். அழித்தால் வந்தவர்கள் போய்விட்டார்களோ என்ற பேச்சு கிளம்பும். இன்றைக்கே டைரியை எடுத்து, அட்வான்ஸ் வாங்கிய தேதிகளை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் நேரே எந்தக் கேமராமேன், எந்த எடிட்டர் என்று பெயர் போடுங்கள். புதியவர் பெயர் வரும் வீடுகளுக்கு மட்டும் நீங்களே போன் செய்யுங்கள். புதியவரைப் பேசச் சொல்லாதீர்கள்; அட்வான்ஸ் வாங்கியவர் குரல்தான் அவர்களுக்கு உத்தரவாதம். நாள் நெருங்கிச் சொன்னால் மறைத்ததாகத் தோன்றும். மூன்று வாரத்துக்கு முன்பாவது சொல்லிவிடுங்கள்.

பேச்சு இப்படி இருந்தால் போதும்: “அண்ணே, தை எட்டு முகூர்த்தத்துக்கு நம்மகிட்ட புதுசா சேர்ந்த தம்பி வர்றாப்ல. மேடையில முன்னாடி நிக்கிறது அவருதான். பழைய தம்பி அன்னைக்குக் கூடவே ரெண்டாவது கேமராவுல இருப்பாப்ல. ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரையும் கூட்டிட்டு வீட்டுக்கு வந்து பத்து நிமிஷம் பார்த்துட்டுப் போறோம். என்ன குறைன்னாலும் எனக்கே போன் போடுங்க.” இதில் ‘திறமைசாலி’ ‘அனுபவசாலி’ என்று ஒரு சொல்லும் இல்லை என்பதைக் கவனியுங்கள். எங்கே நிற்பார், கூட யார், பொறுப்பு யார் என்பது மட்டும்தான். அந்தப் பத்து நிமிடத்தில் புதியவர் வீட்டுப் பெரியவரிடம் கேட்க வேண்டியதும் அப்படித்தான்: மாலை மாற்றும்போது யார் யார் பக்கத்தில் நிற்பார்கள், படத்தில் கட்டாயம் வர வேண்டிய வயதானவர்கள் யார், எடுக்கக் கூடாது என்று ஏதாவது இருக்கிறதா. இதைக் கேட்டு எதிரிலேயே குறித்துக்கொள்ளும் பையனைப் பார்த்த பிறகு ‘பழைய தம்பி’ கேள்வி பெரும்பாலும் எழாது.

ஒன்று மட்டும் முன்பே பார்த்துவிடுங்கள். ஒப்பந்தத்திலோ வாட்ஸ்அப்பிலோ இன்னார்தான் எடுப்பார் என்று பெயர் சொல்லி அட்வான்ஸ் வாங்கியிருந்தால், அவர்கள் சம்மதம் இல்லாமல் ஆளை மாற்ற முடியாது. அந்த வீட்டுக்குப் பழையவரையே அனுப்புங்கள், அல்லது அட்வான்ஸைத் திருப்பிக் கொடுக்கத் தயாராக இருங்கள். இனி வரும் ஒப்பந்தங்களில் ‘நிறுவனத்தின் குழு எடுக்கும், தலைமைக் கேமராமேன் பெயர் மூன்று வாரத்துக்கு முன் தெரிவிக்கப்படும்’ என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

இனி உள்ளே நடக்க வேண்டியது. முதல் நாளே கேமரா, லென்ஸ், பேட்டரி, கார்டு எல்லாவற்றையும் சீரியல் எண்ணோடு ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிக் கொடுங்கள். சந்தேகத்தில் செய்வதாக நினைக்க வேண்டாம். மூன்றாவது மாதத்தில் ஒரு லென்ஸில் கீறல் விழும்போது யாரும் யாரையும் முறைக்காமல் இருக்க இதுதான் வழி. கோப்புறைப் பெயர்களுக்கு வருடம், மாதம், நாள், ஊர், வீட்டுப் பெயர் என்று ஒரே முறையை வைத்து அதை எழுதியே கொடுங்கள். பழையவர்களுக்கு மனப்பாடமாக இருப்பது புதியவருக்குப் புரியாத புதிர்.

எடிட்டருக்கு முதல் வாரத்தில் நடப்பு வேலை வேண்டாம். நீங்கள் ஏற்கெனவே முடித்துக் கொடுத்த ஒரு கல்யாணத்தின் முழு ஃபுட்டேஜையும் கொடுத்து மூன்று நிமிடப் படம் வெட்டச் சொல்லுங்கள். நீங்கள் கொடுத்த படத்தை அதற்கு முன் காட்டிவிடாதீர்கள். வெட்டி முடித்ததும் இரண்டையும் அடுத்தடுத்து ஓடவிட்டு, பழைய ஏழு பேரும் உட்கார்ந்து பாருங்கள். எந்த இடத்தில் அவர் வேறு ஷாட்டை எடுத்தார், ஏன் என்று கேளுங்கள். இந்த ஒரு மணி நேரத்தில் அவருக்கு உங்கள் வீட்டு வழக்கம் புரியும், உங்களுக்கு அவர் கண் புரியும். பின்னால் அறிமுக வீடியோவுக்கு வேண்டிய சரக்கும் இங்கேதான் கிடைக்கும். இதைக் கேமராவில் பதிவு செய்துவையுங்கள்.

கேமராமேனுக்கு என் கணக்கு: இரண்டு முகூர்த்தம் இரண்டாம் கேமரா, மூன்றாவதில் முன் கேமரா, பழையவர் பின்னால். அதற்குப் பிறகுதான் தனியே. இந்த எண்ணிக்கை வேதமில்லை. வேறு ஊரில் நூறு கல்யாணம் எடுத்தவருக்கு ஒன்றே போதலாம். நாள் போதவில்லை என்றால் கார்த்திகை முகூர்த்தங்களில் கூட அனுப்பிவிட்டு, இந்துக் கல்யாணங்கள் இல்லாத மார்கழியைப் பயிற்சிக்கு வைத்துக்கொள்ளுங்கள். பார்க்க வேண்டியது கெட்டிமேளத்துக்கு முந்திய பதினைந்து நிமிடத்தை. நல்ல கேமராமேன் அப்போதே பாதி தீர்ந்த பேட்டரியை எடுத்துவிட்டு முழு பேட்டரி போடுவார், கார்டில் எவ்வளவு மீதி என்று பார்ப்பார். 128 ஜிபி கார்டில் நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் பதிவு செய்தால் ஏறக்குறைய இரண்டே முக்கால் மணி நேரம் வரும். வேகத்தை இரட்டித்தால் நேரம் பாதி. இரண்டு கார்டு போடும் கேமராவென்றால் இரண்டிலும் ஒரே காட்சி பதிவாகும்படி வைப்பார். பிறகு பதிவை ஓடவிட்டு, நிறுத்தாமல் நிற்பார். புரோகிதர் மேளக்காரர் பக்கம் கையைத் தூக்கும் அந்தக் கணத்தில் அட்சதை போடக் கூட்டம் எழுந்து முன்னால் வரும், லென்ஸுக்கு முன் நாலைந்து முதுகு மறைக்கும். இது தெரிந்தவர் முன்கூட்டியே மேடையின் பக்கவாட்டில், மணமகன் கை தெரியும் கோணத்தில் உயரத்தில் நிற்பார். தெரியாதவர் நேர் எதிரே அழகான இடத்தில் நின்று முதுகுகளை எடுத்து வருவார். வேறு கோளாறுகளை எடிட்டில் ஓரளவு மறைக்கலாம். இதை மறைக்க வழியே இல்லை.

மின் விளக்குச் சிமிட்டல் பற்றியும் சொல்லிவிடுங்கள், குறிப்பாக வெளிநாட்டு யூடியூப் பாடம் பார்த்து வளர்ந்தவர்களுக்கு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். 25 ஃபிரேம், ஷட்டர் 1/50 அல்லது 1/100 என்று வைத்தால் மண்டப விளக்கில் பட்டை ஓடாது. 1/60 வைத்தால் பல விளக்குகளில் ஓடும். இது உறுதி. மேடைக்குப் பின்னால் வைக்கும் எல்இடி சுவர் மட்டும் இந்தக் கணக்குக்குக் கட்டுப்படாது. போன உடனே பத்து நொடி எடுத்துப் பார்த்துத்தான் ஷட்டரை முடிவு செய்ய வேண்டும்.

உள்நாட்டு ஊரிலிருந்து வந்தவரென்றால் கடலை அறிமுகப்படுத்துவதும் உங்கள் வேலை. தனுஷ்கோடியிலோ அரியமானிலோ ஒரு மணி நேரம் நின்றாலே லென்ஸின் முன் கண்ணாடியில் உப்புப் படலம் ஏறிவிடும். அதைச் சட்டைத் துணியால் துடைத்தால் மணலும் உப்பும் சேர்ந்து கண்ணாடியைத் தேய்த்துவிடும். முதலில் காற்று ஊதும் ரப்பர் பந்தால் ஊத வேண்டும், பிறகு காய்ச்சி வடித்த நீரில் லேசாக நனைத்த மைக்ரோஃபைபர் துணி, அதன்பின் காய்ந்த துணி. ஏசி அறையில் இருந்த கேமராவை வெளியே எடுத்தால் கண்ணாடி வேர்க்கும். பையை மூடியபடியே இருபது முப்பது நிமிடம் வெளிக்காற்றில் வைத்துவிட்டுத் திறக்க வேண்டும். கரையில் லென்ஸ் மாற்றுவதே கூடாது. காற்றையும் சொல்லிக் கொடுங்கள்: கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று அடிக்கும் ஆனி, ஆடியில் மன்னார் வளைகுடாப் பக்கம் அலை அதிகம், வாடை வீசும் ஐப்பசி, கார்த்திகையில் பாக் நீரிணைப் பக்கம் கொந்தளிக்கும். மன்னார் வளைகுடாவை ஆண்கடல், பாக் நீரிணைப் பக்கத்தைப் பெண்கடல் என்று ஊரார் சொல்வதைப் புதியவர் கேட்டு மட்டும் வைத்தால் போதாது. எந்த மாதம் எந்தக் கரையில் மணமக்களை நிறுத்தலாம் என்ற கணக்கே அதில் இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அப்போது விசைப்படகுகள் கடலுக்குப் போகும் காட்சி வேண்டும் என்று ஒரு விளம்பரத்துக்கு எழுதினால் எடுக்க முடியாது.

அனுமதி விஷயத்தில் புதியவரின் ஆர்வம் உங்களைச் சிக்கலில் மாட்டிவிடக் கூடும். 250 கிராமுக்கு மேல் எடையுள்ள ட்ரோனைத் தொழிலுக்காகப் பறக்கவிட, 2021 ட்ரோன் விதிகளின்படி ட்ரோனுக்குத் தனி அடையாள எண்ணும் இயக்குபவருக்கு ரிமோட் பைலட் சான்றிதழும் வேண்டும். அவர் தன் சொந்த ட்ரோனைக் கொண்டுவந்தாலும் இதே விதிதான். உச்சிப்புளியில் ஐ.என்.எஸ். பருந்து கடற்படை விமானதளம் இருக்கிறது. கடல் எல்லையும் பக்கம். ஒவ்வொரு முறையும் அரசின் டிஜிட்டல் ஸ்கை ட்ரோன் வரைபடத்தில் அந்த இடம் எந்த மண்டலம் என்று பார்க்காமல் மேலே ஏற்றக் கூடாது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. வனத்துறை அனுமதி இல்லாமல் இறங்கக் கூடாது. ராமேசுவரம் கோயிலுக்குள் கேமராவும் கைபேசியும் கூடாது. இதையெல்லாம் இரண்டு பக்கத்தில் எழுதி, சேர்ந்த அன்றே கையில் கொடுங்கள்.

மனிதர்களை எழுதிக் கொடுத்துப் புரியவைக்க முடியாது, கூட்டிக்கொண்டு போக வேண்டும். கீழக்கரை, பெரியபட்டினம் நிக்காஹ் வீடுகளில் பெண்கள் இருக்கும் பகுதிக்கு ஆண் கேமராமேன் போகவே கூடாது என்பது பல குடும்பங்களின் வழக்கம். சில வீடுகளில் பெண் எடுத்தால் சரி என்பார்கள், சில வீடுகளில் யாருமே எடுக்கக் கூடாது. வீட்டுக்கு வீடு மாறும் என்பதால் முன்பே கேட்டுவிட வேண்டும். மூத்தவரைக் ‘காக்கா’ (அண்ணன்) என்று கூப்பிடத் தெரிந்த பையனுக்கு அங்கே பாதி வேலை முடிந்த மாதிரி. தங்கச்சிமடம், பாம்பன் பக்கம் சர்ச் கல்யாணங்களில் பீடத்துக்கு எவ்வளவு பக்கம் போகலாம் என்று பங்குத்தந்தையிடம் முதல் நாளே கேட்க வேண்டும். அக்னி தீர்த்தக் கரையில் சூரிய உதயம் எடுக்கப் போகிறவர், அங்கே தர்ப்பணம் கொடுப்பவர்களின் முகத்தை அழகான காட்சி என்று எடுத்துவிடக் கூடாது. அவர்கள் அப்பா அம்மாவை இழந்து வந்து நிற்பவர்கள்.

இப்போது நீங்கள் கேட்ட வீடியோ. தொடங்கும் முன் ஒரு எச்சரிக்கை: புதியவர் தன் பழைய வேலைகளைத் தொகுத்துக் கொண்டுவந்த ஷோரீலை அப்படியே போட்டுவிடாதீர்கள். 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், ஊழியராக இருந்து எடுத்தது அந்த முதலாளிக்குச் சொந்தம். ஒருவர் பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன படத்தின் முதல் உரிமையாளர் எடுக்கச் சொன்னவர். அதாவது பழைய நிறுவனத்தில் அவர் எடுத்த ஷாட் அவருடையதாக இல்லாமல் இருக்கலாம். உங்களிடம் இருக்கும் கல்யாண ஃபுட்டேஜும், உரிமையை எழுத்தில் வாங்கியிராவிட்டால், அந்த வீட்டாருடையது. மணமகள் முகத்தை உங்கள் விளம்பரத்தில் பார்த்து வருத்தப்படும் குடும்பங்கள் இந்தக் கரையில் நிறைய. சட்டத்தின் பொது வடிவத்தைத்தான் சொல்கிறேன். பெரிய தகராறு என்று வந்தால் ஒப்பந்தத்தை வழக்கறிஞரிடம் காட்டித்தான் முடிவு செய்ய வேண்டும். இனிமேல் ஒப்பந்தத்தில் ‘விளம்பரத்துக்குப் பயன்படுத்தச் சம்மதம் உண்டு / இல்லை’ என்று இரண்டு கட்டம் வைத்து டிக் வாங்குங்கள்.

அதனால் வீடியோவுக்குப் புதிதாக எடுங்கள். ஒருவருக்கு ஒரு வீடியோ, ஒரு நிமிடத்துக்குள். மூவரையும் ஒன்றில் திணித்தால் ஒருவர் பெயரும் மனதில் நிற்காது. ‘உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்று கேட்டால் எல்லோரும் சின்ன வயதிலிருந்தே ஆர்வம் என்றுதான் தொடங்குவார்கள். எடிட்டரிடம் ‘அந்தப் பயிற்சிப் படத்தில் பாட்டி அழும் ஷாட்டை ஏன் நீளமாக விட்டீர்கள்?’ என்று கேளுங்கள். கேமராமேனிடம் ‘கெட்டிமேளத்துக்கு முன்னால் என்னென்ன சரிபார்ப்பீர்கள்?’ என்று கேளுங்கள். இருபது நிமிடம் பேசவிட்டால் நாற்பது நொடி நல்லது கிடைக்கும். பேச்சின் மேல் அவர்கள் கைகளைக் காட்டுங்கள்: பேட்டரி மாற்றும் விரல்கள், டைம்லைனில் வெட்டும் இடம், லென்ஸைத் துடைப்பது. கடைசி வரியை நீங்கள் சொல்லுங்கள். இவர் எடுக்கும் படத்துக்கு நான் பொறுப்பு என்ற பொருளில், உங்கள் வார்த்தையில்.

எல்லோருக்கும் பாம்பன் பாலத்தின் முன் நிற்கவைத்து எடுக்கத் தோன்றும். வேண்டாம் என்பேன். காற்று பேச்சை அள்ளிக்கொண்டு போகும், பின்னால் நிற்கும் பாலம் ஆளைச் சிறிதாக்கும். கடற்கரைதான் வேண்டுமென்றால் காலை ஆறிலிருந்து ஏழரைக்குள் முடியுங்கள். பத்து, பதினொரு மணிக்கு மேல் கடல்காற்று ஏறிவிடும். காலர் மைக்குக்கு முடி வைத்த காற்றுத் தடுப்பு மாட்டி, முதுகு காற்றுப் பக்கம் இருக்க நிறுத்துங்கள். ஒலி அளவின் உச்சம் மைனஸ் 12 டெசிபலைச் சுற்றி நிற்கட்டும். பேசி முடித்ததும் அதே இடத்தில் முப்பது நொடி யாரும் பேசாமல் சூழல் ஒலியைப் பதிவு செய்யுங்கள். எடிட்டில் ஒட்டுப் போட அது இல்லாவிட்டால் ஒவ்வொரு வெட்டிலும் கடல் சட்டென்று நின்று நின்று கேட்கும்.

திரையில் பெயரோடு என்ன போடுவது என்பதில் ‘கிரியேட்டிவ் அசோசியேட்’ போன்றவை வேண்டாம். ‘உங்கள் படத்தை வெட்டிக் கோர்ப்பவர்’ என்றால் ராமநாதபுரம் மாவட்டத்தில் எல்லோருக்கும் புரியும். பெயர் நான்கு நொடியாவது நிற்கட்டும். நெட்டுக்குத்தான வீடியோவில் அடியில் கால்வாசியைச் செயலியின் பொத்தான்களும் எழுத்தும் மறைக்கும், அதற்கு மேலே வையுங்கள். பலர் ஒலியை நிறுத்திவிட்டுத்தான் பார்க்கிறார்கள், ஆகவே பேச்சு முழுவதும் தமிழில் எழுத்தாக ஓட வேண்டும். பிரீமியர் ப்ரோவில் தமிழ் உடைந்து, ‘கேமரா’வின் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய்ப் புள்ளி வட்டத்தோடு நின்றால், விருப்பத் தேர்வுகளில் கிராபிக்ஸ் பகுதிக்குப் போய் எழுத்து எஞ்சினை ‘சவுத் ஏசியன் அண்ட் மிடில் ஈஸ்டர்ன்’ என்று மாற்றிவிட்டு, டைட்டிலைப் புதிதாகத் தட்டச்சு செய்யுங்கள். சினிமாப் பாட்டு போட வேண்டாம். நிறுவன விளம்பரத்துக்கு உரிமை இல்லாத பாட்டைப் போட்டால் ஒலியை அடைத்துவிடுவார்கள், அல்லது வீடியோவையே எடுத்துவிடுவார்கள்.

புதியவர்களின் சொந்தக் கைபேசி எண்ணையோ சொந்தக் கணக்கையோ அவர்கள் சம்மதம் இல்லாமல் எதிலும் போடாதீர்கள், எடிட்டர் விஷயத்தில் இதில் தளர்வே கூடாது. ஏழும் மூன்றும் பத்து என்பதையும் நினைவில் வையுங்கள். 2013ஆம் ஆண்டுப் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டப்படி, பத்துப் பேர் வேலை செய்யும் இடத்தில் உள் புகார்க் குழு கட்டாயம். அதற்குப் பெண்தான் தலைமை. முகூர்த்த நாளுக்கு மட்டும் தினக்கூலிக்கு வருபவரும் அந்தச் சட்டத்தில் ஊழியர்தான். குழுவை இந்த மாதமே எழுத்தில் அமைத்து, பெயர்களை அலுவலகச் சுவரில் ஒட்டுங்கள். டெலிவரி நெருக்கடியில் இரவு பத்து, பதினொன்று வரை எடிட் நீண்டால் வீடு சேர்க்கும் வண்டி உங்கள் செலவு.

எழுதும் இளைஞரைப் பற்றி நீங்கள் அதிகம் சொல்லவில்லை, ஆனால் மூவரில் அறிமுகத்துக்குக் கடினமானவர் அவர்தான். அவர் வேலை கண்ணுக்குத் தெரியாது. அவரை வீடியோவில் பேசவைக்காமல் ஒரு வேலையைக் காட்டவையுங்கள். ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வத்தல் வியாபாரி ஒருவர் உங்கள் வாடிக்கையாளராக இருந்தால், இவரைக் களத்துக்கு அனுப்பி, காயப்போடும் பெண்களிடம் அரைநாள் உட்கார்ந்து கேட்டுவரச் சொல்லி, முப்பது நொடி விளம்பரம் எழுதவையுங்கள். கடைக்காரர் ஒப்புக்கொண்டால் அந்த விளம்பரத்தையே வெளியிட்டு, கீழே ‘எழுத்து’ என்று அவர் பெயரைப் போடுங்கள். மற்ற இருவருக்கும் அப்படியே: தை மாதப் படங்களின் கடைசி அட்டையில் ஒளிப்பதிவு, படத்தொகுப்பு என்று அந்தந்தப் பெயர் இருக்கட்டும். அடுத்த முகூர்த்தத்துக்குக் கேட்டு வருபவர் அந்தப் பெயரைச் சொல்லித்தான் கேட்பார்.